உணர்கருவியின் வீச்சுக் குமிழ்

கறுவா மரம் ஒன்று. அதிலிருந்து வடித்தெடுக்கப்படும் எண்ணெய்கள் இரண்டு. பட்டையை நீராவியில் வடித்தால் வருவது பட்டை எண்ணெய். இலையை வடித்தால் வருவது இலை எண்ணெய். முன்னதன் பெரும்பகுதி சினமல்டிகைட்டு என்னும் பொருள். கறுவாவின் இனிய காரமும் மணமும் அதனுடையவை. பின்னதன் பெரும்பகுதி இயூஜினோல்; கராம்பு மணப்பதும் அதனாலேதான். பட்டை எண்ணெய் விலையுயர்ந்தது. இலை எண்ணெய் மலிவானது. விலையில் இத்துணை வேறுபாடு இருக்குமிடத்து, ஒன்றுடன் மற்றொன்றைக் கலந்துவிடும் ஆசை மனிதருக்கு எழாதிருக்குமா? ஆதலின், பட்டை எண்ணெய் ஒன்று கைமாறுமுன் அதில் எத்தனை பங்கு இயூஜினோல் உண்டென்று ஆராய்ந்து பார்க்கிறார்கள். ஐரோப்பிய மருந்து நியம நூல் இலங்கைக் கறுவாப் பட்டை எண்ணெய்க்கென்றே தனி வரையறை வகுத்திருக்கிறது. சினமல்டிகைட்டு நூற்றுக்கு 55 முதல் 75 வரை இருத்தல் வேண்டும்; இயூஜினோல் 7.5க்குக் குறைவாக இருத்தல் வேண்டும். கூமரின் என்னும் பொருள் 0.5க்குக் குறைவாக இருத்தல் வேண்டும்.

இவ்விலக்கங்களைத் தருவது வாயு நிறப்பகுப்புக் கருவி. அக்கருவிகளிற் பெரும்பாலானவற்றில், வீச்சு என்று பெயரெழுதிய ஒரு சிறு குமிழோ, அதே பெயருடைய ஓர் இலக்கமோ இருக்கும். அதனைத் தவறான இடத்தில் வைத்துவிட்டால், கலப்பற்ற எண்ணெய் கலப்புள்ளதாகத் தோன்றும். கலப்புள்ளது தப்பியும் போகும். அந்தக் குமிழை எங்கே வைப்பது, ஏன் அங்கே வைப்பது என்பதையே இப்பேச்சில் விளக்க விரும்புகிறேன்.

நிறப்பகுப்பு என்னும் பெயர் வந்த கதை சுருக்கமானது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மிக்கையில் சுவெற் என்ற உருசியத் தாவரவியலாளர், இலையின் சாற்றைத் தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயினூடே வடியவிட்டு, அது பச்சையும் மஞ்சளுமாகப் பட்டை பட்டையாய்ப் பிரிவதைக் கண்டார். 1906 ஆம் ஆண்டில் அம்முறைக்கு நிறத்தை ஒட்டிய இந்தப் பெயரையும் இட்டார். 1952 இல் ஜேம்ஸ், மாட்டின் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் திரவத்துக்குப் பதிலாக வாயுவைக் கொண்டே பொருள்களைப் பிரிக்கும் முறையை வகுத்தனர். இப்போது கருவியில் நிறம் எதுவும் தெரிவதில்லை. பெயர் மாத்திரம் எஞ்சியிருக்கிறது.

கருவி வேலை செய்யும் விதம் இது. ஓர் ஊசியினால் மிகச் சிறிதளவு எண்ணெயைச் சூடான அறையொன்றினுட் செலுத்துகிறோம். அது ஆவியாகி, ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வாயுவினால் நீண்ட மெல்லிய குழாயினூடே சுமந்து செல்லப்படுகிறது. குழாயின் உட்புறத்திற் பூசப்பட்ட பொருள், எண்ணெயின் கூறுகளுட் சிலவற்றை அதிக நேரமும் சிலவற்றைக் குறைந்த நேரமும் பிடித்து வைக்கிறது. ஆதலால் ஒன்றாகப் புறப்பட்டவை மறுமுனையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேருகின்றன. அங்கே காவல் நிற்பது உணர்கருவி. ஒன்றும் வராதபோது எழுதுகோல் தாளில் நேர்கோடு ஒன்றை இழுத்துக்கொண்டிருக்கும்; அதனை அடிக்கோடு என்போம். ஒரு பொருள் வந்ததும் கோடு மேலெழுந்து, சிகரமிட்டு, மீண்டும் இறங்கும். அச்சிகரத்தின் கீழுள்ள பரப்பே அப்பொருளின் அளவு. பழைய நாளில் இந்தப் பரப்பை அறிவதற்குச் சிகரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டியெடுத்து, தாளையே தராசில் நிறுத்தவர்களும் உண்டு. கேட்பதற்கு வேடிக்கையாக இருப்பினும் அது பிழையான முறையன்று.

உணர்கருவிகளுட் பெருவழக்காயிருப்பது சுடர் அயனாக்க உணர்கருவி. 1958 இல் அவுஸ்திரேலியாவில் மக்வில்லியம், டூவர் என்னும் இருவரும், தென்னாபிரிக்காவில் ஹார்லி, நெல், பிரிற்றோரியசு என்னும் மூவரும் தனித்தனியே இதனை வெளியிட்டனர். ஐதரசன் வாயு எரியும் சுடரில் மின்னேற்றமுள்ள துணிக்கைகள் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அச்சுடரினுட் காபன் சேர்வை ஒன்று புகுந்து எரியுமாயின் அயன்கள் தோன்றுகின்றன. சுடருக்கு அருகே சில நூறு வோல்ற்று அழுத்தத்தில் ஒரு மின்வாயை நிறுத்தினால், அந்த அயன்கள் இழுக்கப்பட்டு மின்னோட்டமாகின்றன. புகுந்த காபன் அனைத்தும் அயனாகும் என்று எண்ணிவிடலாகாது. 10 இலட்சம் காபன் அணுக்கள் எரிந்தால் அவற்றுள் இரண்டு அளவில் மாத்திரமே மின்னேற்றம் தருகின்றன. ஒரு கிராம் காபன் முழுவதும் எரிந்தாலும் கிடைக்கும் மின் ஏறத்தாழ 0.015 கூலோம்தான்.

ஆகவே இங்கே நாம் அளக்கப் புகும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஓர் அம்பியரை ஓர் இலட்சம் கோடி பங்காக்கினால் அவற்றுள் ஒரு பங்கு பிக்கோ அம்பியர் எனப்படும். நல்ல நிலையிலுள்ள சுடர் உணர்கருவி, ஒரு பிக்கோ அம்பியரின் பத்திலொரு பங்கையும் உணரவல்லது. அதே சுடர், 10 இலட்சம் பிக்கோ அம்பியர் வந்தாலும் நேர்மை தவறாது அளந்து சொல்லும். அஃதாவது மிகச் சிறிய அளவுக்கும் மிகப் பெரிய அளவுக்கும் இடையே ஒரு கோடி மடங்கு தூரம். அளவைக் கருவிகளில் இவ்வளவு பரந்த ஆட்சி உடையவை மிகச் சில.

இடர்ப்பாடு சுடரில் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிறது. எழுதுகோல் ஓடும் தாளின் அகலம் 100 பிரிவுகள். ஒரு கோடி மடங்கு வேறுபாட்டை 100 பிரிவுகளுக்குள் எவ்வாறு அடக்குவது? இதற்காகவே கருவியில் இரண்டு குமிழ்கள் வைக்கப்பட்டன. ஒன்று வீச்சு, மற்றொன்று தணிப்பு. இரண்டும் சிகரத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் செய்வதால், இரண்டும் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். அவ்வெண்ணமே பெரும்பாலான தவறுகளுக்குக் காரணம்.

வானொலி நேயர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஒலிபரப்பு நிலையத்திற் பேசுபவரின் குரல் ஒலிவாங்கியினூடே ஒரு பெருக்கிக்குச் செல்கிறது. அந்தப் பெருக்கியின் அளவை அங்கே ஒருவர் சரிசெய்து வைக்கிறார். பின்னர் அக்குரல் உங்கள் வீட்டுப் பெட்டிக்கு வருகிறது. நீங்கள் ஒலிக்குமிழைத் திருப்பிக் கூட்டியோ குறைத்தோ கேட்கிறீர்கள். நிலையத்துப் பெருக்கி அளவுக்கு மீறித் திறக்கப்பட்டிருந்தால் குரல் சிதைந்து கரகரக்கும். வீட்டிலிருந்து எவ்வளவுதான் ஒலியைக் குறைத்தாலும் அச்சிதைவு போகாது. சிதைந்த குரல் மெல்லக் கேட்கும், அவ்வளவே. வீச்சு என்பது நிலையத்துப் பெருக்கி. தணிப்பு என்பது வீட்டு ஒலிக்குமிழ்.

கருவியின் மொழியிற் சொன்னால், சுடரிலிருந்து வரும் மின்னோட்டத்தை வோல்ற்றளவாக மாற்றும் பெருக்கியை ஆள்வது வீச்சு. பரவலாக வழங்கிய ஓர் அமைப்பில் வீச்சு 1 என்றால் ஒரு பிக்கோ அம்பியருக்கு ஒரு மில்லிவோல்ற்று. வீச்சு 10 என்றால் அதே ஒரு மில்லிவோல்ற்றுக்குப் 10 பிக்கோ அம்பியர் வேண்டும். 100, 1000 என்பனவும் இவ்வாறே. பெருக்கியினால் 1000 மில்லிவோல்ற்றுக்கு மேலே தரமுடியாது என்று கொள்வோம். அப்போது வீச்சு 1 இல் 1000 பிக்கோ அம்பியரும், வீச்சு 10 இல் 10,000 பிக்கோ அம்பியரும் எல்லையாகும். அதற்குமேல் வருவதைப் பெருக்கி காண்பதில்லை. தணிப்புக் குமிழோ, பெருக்கியைக் கடந்து வந்துவிட்ட வோல்ற்றளவைத் தாளுக்குப் பொருந்துமாறு 2, 4, 8 என்று 1024 வரை வகுத்துக் கொடுப்பது. அளந்ததை அது மாற்றுவதில்லை. படத்தை மாத்திரம் சுருக்குகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீச்சைக் குறிக்கும் இலக்கங்கள் எல்லாக் கருவிகளிலும் ஒரே திசையில் ஓடுவதில்லை. சில கம்பனிகளின் கருவிகளில் 0 என்பது மிக நுண்ணிய வீச்சு, 3 என்பது மிகப் பருமட்டானது. வேறு சிலவற்றில் 12, 11, 10, 9 என்று எழுதியிருக்கும். 12 தான் நுண்ணியது. முன்னதில் இலக்கம் ஏற ஏற உணர்திறன் குறையும். பின்னதில் இலக்கம் ஏற ஏற உணர்திறன் கூடும். ஒரு கருவியிற் பழகிய கை மற்றொன்றில் தவறுவது இயல்பே. புதிய கருவியில் அமர்பவர் முதலில் ஒரே அளவு மாதிரியை இரண்டு வீச்சுக்களிற் செலுத்தி, எந்தத் திசையிற் சிகரம் வளர்கிறது என்பதைக் கண்ணாற் கண்டுவிடுவது நன்று. கையேட்டைப் படிப்பதற்கு ஆகும் நேரத்தைவிட இதற்குக் குறைந்த நேரமே செல்லும்.

இனிக் கறுவா எண்ணெய்க்கு வருவோம். 0.1 மைக்குரோலீற்றர் எண்ணெயை ஊசியிலெடுத்துச் செலுத்துகிறோம். அதில் ஐம்பதில் ஒரு பங்கு மாத்திரம் குழாயினுட் செல்லும்படி கருவி பகிர்ந்துவிடுகிறது. அப்படியானால் உட்செல்வது ஏறத்தாழ 2 மைக்குரோகிராம். எண்ணெயில் நூற்றுக்கு 70 சினமல்டிகைட்டு என்றால் அதன் பங்கு 1.4 மைக்குரோகிராம், அதிலுள்ள காபன் 1.15 மைக்குரோகிராம் அளவில். இது நான்கு செக்கன் அகலமுள்ள சிகரமாக வெளிவருமாயின், முன்னர்ச் சொன்ன 0.015 கூலோம் கணக்கின்படி அதன் உச்சி ஏறத்தாழ 8,600 பிக்கோ அம்பியரில் நிற்கும். அதே எண்ணெயில் நூற்றுக்கு 6.5 இயூஜினோல் இருந்தால் அதன் உச்சி 700 பிக்கோ அம்பியர் அளவில். நூற்றுக்கு 0.1 கூமரின் இருந்தால் 11 பிக்கோ அம்பியர் அளவில். இவை பருமட்டான கணக்குகளே. எனினும் குமிழை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய இவை போதும்.

வீச்சு 1 ஆகாது. அங்கே எல்லை 1000 பிக்கோ அம்பியர், வருவதோ 8,600. வீச்சு 10 இல் எல்லை 10,000. சினமல்டிகைட்டு 860 மில்லிவோல்ற்றாக எழும்; எல்லைக்குச் சற்றுக் கீழே அடங்கும். தாளில் அதனைக் காணத் தணிப்பு 1024 வேண்டும். அப்போது சிகரம் 84 பிரிவுகள் உயரும். இந்த எண்ணெயில் முதலில் வெளிவருவது சினமல்டிகைட்டு, அதன்பின் இயூஜினோல், அதற்கும் பின்னர் கூமரின். ஆகவே முதற் சிகரம் இறங்கியதும் வீச்சைத் தொடாமல், தணிப்பை 128 இற்குக் கொண்டுவந்தால் இயூஜினோல் 55 பிரிவுகள் அளவில் எழுந்து நிற்கும். அதுவும் இறங்கியதும் தணிப்பை 2 ஆக்கினால், கூமரினும் 55 பிரிவுகள் அளவில் எழும். தணிப்பு 1024 இலேயே விட்டிருந்தால் இந்தக் கூமரின் ஒரு பிரிவின் பத்திலொரு பங்குதான். எழுதுகோலின் மைத்தடிப்பிலேயே மறைந்துபோகும். ஒரே வீச்சில் மூன்று பொருள்களையும் ஒழுங்காகக் கண்டுவிட்டோம். அவ்வீச்சைத் தீர்மானித்தது நாம் தேடிய சிறிய பொருளன்று, எண்ணெயிலுள்ள மிகப் பெரிய பொருளே. மிகப் பெரிய சிகரம் வெட்டுப்படாமல் அடங்கக்கூடிய வீச்சுக்களுள் மிக நுண்ணியது எதுவோ, அதனையே தெரிந்துகொள்ள வேண்டும்.

அடங்காவிட்டால் என்ன கேடு என்று கேட்கலாம். செலுத்திய அளவு கைதவறி இரண்டு மடங்குக்குச் சற்று மேலாகிவிட்டது என்று வையுங்கள். சினமல்டிகைட்டு 20,000 பிக்கோ அம்பியர் வரை எழவேண்டும். வீச்சு 10 இல் பெருக்கியோ 10,000 இலே நின்றுவிடும். சிகரத்தின் மேற்பாதி வெட்டுண்டு, மொட்டைத் தலையாகத் தட்டையாய் நிற்கும். சிகரத்தை முக்கோணமாகக் கொண்டால், உயரத்திற் பாதி போனதனாற் பரப்பிற் கால்பங்கு போகிறது. 70 ஆக இருந்த சினமல்டிகைட்டு 52.5 ஆகிறது. மற்றவற்றுக்கு ஒன்றும் நேரவில்லை, இயூஜினோல் 6.5, ஏனையவை 23.5. எல்லாச் சிகரங்களின் பரப்பையும் கூட்டி, அதனை நூறாகக் கொண்டு ஒவ்வொன்றின் பங்கையும் சொல்வதே வழக்கம். இப்போது கூட்டுத்தொகை 82.5. அதில் 6.5 என்பது நூற்றுக்கு 7.9. வரையறையோ 7.5. கலப்பற்ற எண்ணெய் கலப்புள்ளது என்று தீர்ந்துவிட்டது!

இதிலே கொடுமை யாதெனில், சினமல்டிகைட்டின் இலக்கம் யாரையும் எச்சரிக்காது. 82.5 இல் 52.5 என்பது நூற்றுக்கு 63.6, 55க்கும் 75க்கும் இடையே ஒழுங்காக அமர்ந்திருக்கிறது. அறிக்கையை மாத்திரம் படிப்பவர், பட்டை எண்ணெயிற் சிறிது இலை எண்ணெய் சேர்ந்திருக்கிறது என்றே சொல்வார். எண்ணெயைக் காய்ச்சி வடித்தவரிடம் மறுமொழி சொல்ல என்ன இருக்கிறது? தாளை விரித்துச் சிகரத்தின் தலையைப் பார்த்தால் மாத்திரமே உண்மை வெளியாகும்.

தலையைப் பார்ப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. தட்டையான தலை இரண்டு இடங்களில் உண்டாகலாம். பெருக்கி நிரம்பியதனால் உண்டாவது ஒன்று; எழுதுகோல் தாளின் விளிம்பை எட்டியதனால் உண்டாவது மற்றொன்று. முன்னது அளவையே கெடுத்தது. பின்னது படத்தை மாத்திரம் கெடுத்தது. தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்தறிய வழி இது: அதே மாதிரியை மீண்டும் செலுத்தி, தணிப்பை இரண்டு மடங்காக்குக. உச்சி கூராக வெளிப்பட்டால் குறை எழுதுகோலில் இருந்தது. உச்சி உயரத்திற் பாதியாகியும் தட்டையாகவே நின்றால் பெருக்கி நிரம்பியிருக்கிறது. வீச்சைப் பருமட்டான பக்கம் ஒரு படி மாற்றவேண்டும், அல்லது செலுத்தும் எண்ணெயைக் குறைக்கவேண்டும். தணிப்பை 1024 வரை ஏற்றினாலும் வெட்டுண்ட தலை மீண்டும் முளைக்காது.

அப்படியானால் எப்போதும் மிகப் பருமட்டான வீச்சில் வைத்துவிட்டால் தொல்லையில்லையே என்று எண்ணத் தோன்றும். வீச்சு 1000 இல் 11 பிக்கோ அம்பியர் கூமரின் ஒரு மில்லிவோல்ற்றின் நூறிலொரு பங்காகிறது. தணிப்பை 1 இல் வைத்தாலும் அது தாளில் ஒரே ஒரு பிரிவு. பெருக்கியிலும் பதிகருவியிலும் உள்ள சொந்த நடுக்கமே அவ்வளவு இருக்கலாம். சுடர் தெளிவாக உணர்ந்ததை, பின்னால் வரும் கருவிகள் தங்கள் இரைச்சலிற் புதைத்துவிடுகின்றன. இலை எண்ணெய் கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் சிறிய சிகரங்களும் இவ்வாறே புதைந்துபோகும்.

இத்தவறுக்கு ஓர் அடையாளம் உண்டு. பழக்கமில்லாதவர் அதனை நற்குறி என்று எண்ணிவிடுவர். அடிக்கோடு அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் அசைவின்றி நேராக ஓடும். நானும் ஒருமுறை அத்தகைய கோட்டைக் கண்டு, கருவி இன்று எவ்வளவு அமைதியாயிருக்கிறது என்று மகிழ்ந்து, அரைநாள் வேலை செய்த பின்னரே வீச்சு எங்கே நின்றதென்பதைப் பார்த்தேன். உயிருள்ள சுடர் நடுங்கும். தணிப்பு 1 இல் வைத்துப் பார்க்கும்போது அடிக்கோட்டில் ஒரு பிரிவளவேனும் சிறு நடுக்கம் தெரியவேண்டும். வீச்சு 10 இல் ஒரு பிக்கோ அம்பியரின் பத்திலொரு பங்கு நடுக்கம் சரியாக ஒரு பிரிவு. அது தெரிகிறதாயின், சுடர் தரக்கூடிய நுண்மை முழுவதும் தாளுக்கு வந்து சேருகிறது என்று துணியலாம்.

அதற்குமேல் வீச்சை நுண்ணிதாக்குவதனாற் பயனில்லை. சிற்றலையில் மெலிந்து வரும் தொலைநாட்டு நிலையம் ஒன்றைக் கேட்க ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் கூடவே ஏறுவதை நேயர்கள் அறிவார்கள். சுடரின் நடுக்கமும் சிகரமும் ஒரே மின்னோட்டத்தில் வருவன. பெருக்கி இரண்டையும் ஒன்றாகவே பெருக்கும். மேலும் நுண்மை வேண்டுமாயின் சுடரைத் துப்புரவாக்குதல், தூய வாயுவைப் பயன்படுத்துதல், அதிக மாதிரியைச் செலுத்துதல் ஆகியனவே வழி. குமிழ் அதற்கு உதவாது.

சில மாதிரிகளிற் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாடு மிகுதியாயிருத்தலால், எந்த ஒரு வீச்சும் இரண்டுக்கும் பொருந்தாது. அப்போது மாதிரியை இருமுறை செலுத்துவதே நேர்மையான வழி. முதன்முறை பெரிய பொருளுக்குப் பொருத்தமான வீச்சில்; மறுமுறை சிறிய பொருளுக்கு நுண்ணிய வீச்சில், பெரியது வெட்டுப்பட்டாலும் பொருட்படுத்தாமல். இரண்டுக்கும் பொதுவாக ஒரு நடுத்தரச் சிகரத்தை வைத்துக்கொண்டு ஒன்றை மற்றொன்றுடன் ஒப்பிடலாம். ஓட்டத்தின் நடுவிலேயே வீச்சை மாற்றுவோரும் உண்டு, ஆகாதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் ஒரு தொல்லையை அவர்கள் எதிர்பார்த்திருக்கவேண்டும். பொருள் எதுவும் வராத வேளையிலும் சுடரில் ஒரு சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் உட்பூச்சு சூட்டினாற் சிறிது சிறிதாகக் கசிவதே அதற்கு ஒரு காரணம். அது 10 பிக்கோ அம்பியர் என்றால் வீச்சு 10 இல் ஒரு மில்லிவோல்ற்று. வீச்சு 1 இற்கு மாற்றிய கணமே 10 மில்லிவோல்ற்று. அடிக்கோடு தாளைவிட்டே பாய்ந்துவிடும். ஆகையால் சுழியைச் சரிசெய்வது, பயன்படுத்தப்போகும் மிக நுண்ணிய வீச்சில் இருக்கவேண்டும். மாற்றம் இரண்டு சிகரங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தில் நிகழவேண்டும்.

திரவ நிறப்பகுப்பில் வழங்கும் ஊதாக்கடந்த ஒளி உணர்கருவிக்கும் வீச்சு உண்டு. அங்கே அது ஒளி உறிஞ்சல் அலகிற் சொல்லப்படும். உறிஞ்சல் 1 என்றால் புகுந்த ஒளியில் பத்திலொரு பங்கு மாத்திரம் வெளிவருகிறது. 2 என்றால் நூறிலொரு பங்கு. 3 என்றால் ஆயிரத்திலொரு பங்கு. இவ்வளவு குறைந்த ஒளியில், வழிதவறி உள்ளே புகும் சிறிதளவு வேற்றொளியும் கணக்கைக் கெடுத்துவிடும். அங்கே சிகரத்தின் தலை மழுங்குவது பெருக்கிக்கு முன்னரே, ஒளியிலேயே நிகழ்கிறது. ஆதலின் வீச்சைப் பருமட்டாக்கினாலும் குணமாகாது. மாதிரியை நீர்க்கச் செய்யவேண்டும். அல்லது அப்பொருள் குறைவாக உறிஞ்சும் வேறோர் அலைநீளத்தைத் தெரியவேண்டும்.

எழுதுகோலும் தாளும் பெரும்பாலான ஆய்வுகூடங்களைவிட்டுப் போய்விட்டன. முதலில் பரப்பைத் தானே கூட்டும் மின்னியற் கருவிகள் வந்தன. பின்னர் கணினி வந்தது. இவற்றில் தணிப்பு என்பது திரையில் தோன்றும் படத்தின் உயரத்தை மாத்திரம் மாற்றும். பரப்பின் இலக்கத்தைத் தொடாது. வீச்சோ பரப்பையே பத்து மடங்காக மாற்றிவிடும். நியம மாதிரியை வீச்சு 1 இல் ஓட்டிவிட்டு, அறியவேண்டிய மாதிரியை வீச்சு 10 இல் ஓட்டினால், விடை பத்தில் ஒரு பங்காக வரும். கணினி அதனைச் சற்றும் தயங்காமல் நான்கு தசம தானங்களுடன் அச்சிட்டுத் தரும். புதிய கருவிகள் பலவற்றில் வீச்சுக் குமிழே இல்லை. சுடரின் முழு ஆட்சியையும் அவை ஒரே முறையில் இலக்கங்களாக மாற்றிவிடுகின்றன. ஆனால் பழைய கருவியொன்றைத் தனியான கணினியுடன் கம்பியால் இணைத்துப் பயன்படுத்தும் இடங்களில் தட்டைத் தலைக்கு மூன்றாவது பிறப்பிடம் ஒன்று சேர்ந்துவிடுகிறது. பெருக்கி 10 வோல்ற்று வரை தரும். கணினியின் வாயிலோ ஒரு வோல்ற்றுக்கு மேல் ஏற்காது. பெருக்கி நிரம்பவில்லையே என்று தேடிக்கொண்டிருப்பவர் இந்த இணைப்பையும் பார்க்கவேண்டும்.

தாள் இருந்த காலத்தில் நல்ல ஆய்வாளர் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் பென்சிலால் எழுதிவைப்பார்: வீச்சு 10, தணிப்பு 1024, முதற் சிகரத்தின் பின் 128, இரண்டாவதன் பின் 2. குமிழ் திரும்பிய இடத்திலெல்லாம் கோட்டின்மேல் ஒரு சிறு குறி இருக்கும். அந்தக் குறிப்பு உள்ள படத்தை எத்தனை ஆண்டு கழிந்த பின்னரும் எடுத்து, மூன்று சிகரங்களும் எத்தனை பிக்கோ அம்பியர் என்று திரும்பக் கணக்கிடலாம். அது இல்லாத படத்தில், 84 பிரிவு உயரமுள்ள சினமல்டிகைட்டும் 55 பிரிவு உயரமுள்ள கூமரினும் பக்கத்திற் பக்கத்தில் ஏறத்தாழச் சமமானவை போலவே நிற்கும்.